டீசல் காரில் தெர்மோஸ்டாட் மாற்றுவது எப்படி: கழற்றி எறியாமல் முறையாகச் செய்ய

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டிப் போட்டுரலாம்." இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது கெட்ட டீசல் காரை நாலு பட்டறைக்குக் கொண்டுபோனால் ஓர் இடத்திலாவது இந்த யோசனை வரும். தலையாட்டிவிடாதீர்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில்தான் டீசல் பற்றுகிறது. இன்ஜின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் டீசல் முழுதாக எரியாது, கரி படியும், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் தேயும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து இசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதல் டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பல தெர்மோஸ்டாட்களின் பின்பக்கத்தில் ஒரு சிறு தட்டு இருக்கும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை அந்தத் தட்டு அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. சூடு ஏறக்கூடாது என்று கழற்றிய வண்டி மலை ஏற்றத்தில் கொதிப்பது இதனால்தான்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 1.3 லிட்டர் (1248 சிசி) டீசல் இன்ஜினை. ஃபியட் வடிவமைத்த இதுதான் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா என்று பல வண்டிகளில் ஓடுகிறது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆக, சாலையில் இருப்பவை எல்லாம் வயதான வண்டிகள், தெர்மோஸ்டாட் போகிற வயதில் இருப்பவை. வேறு டீசல் கார் என்றாலும் வேலையின் வரிசை இதேதான். தெர்மோஸ்டாட் இருக்கும் இடமும் போல்ட்டின் அளவும்தான் மாறும்.

1. கோளாறு தெர்மோஸ்டாட்டில்தானா என்று உறுதி செய்யுங்கள்

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறு குப்பியில் மெழுகு இருக்கிறது. சூட்டில் மெழுகு உருகிப் பருத்து ஊசியைத் தள்ள, வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். இது இரண்டு விதமாகக் கெடும்.

திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் சூடேற வெகுநேரம் ஆகும், மைலேஜ் குறையும், ஊட்டியில் ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். இந்தக் கோளாறு வண்டியை வழியில் நிறுத்தாது. அதனால்தான் பலர் வருடக்கணக்கில் கவனிக்காமலே ஓட்டுகிறார்கள். பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் என்றால் இதில் கூடுதல் நஷ்டம். இன்ஜின் போதிய சூட்டுக்கு வராமல் டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளாது. கடைசியில் கரி அடைத்து, டிபிஎஃபுக்குப் பெரிய தொகை கேட்பார்கள்.

மூடியபடியே நின்றுவிட்டால் சில கிலோமீட்டரிலேயே சூடு எகிறும். இதில் தாமதத்துக்கு இடமில்லை. அலுமினிய ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வளைந்து, அதன் அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போனால் செலவு 20,000 ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஏசியை அணைத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள், இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அங்கிருந்து டோ செய்துதான் போக வேண்டும்.

கோளாறை உறுதி செய்ய மலிவான, நம்பகமான வழி ஓபிடி அடாப்டர், அதாவது வண்டியின் கணினி சொல்வதைப் படிக்கும் கருவி. ப்ளூடூத்தில் போனோடு இணைவது 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, இலவசச் செயலி ஒன்றில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் 75 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

அ) இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் நாலைந்து டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். காற்று 29, கூலன்ட் 8 என்று காட்டினால் போனது சென்சார்தான், தெர்மோஸ்டாட் அல்ல. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ஆ) பிறகு ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் விட்டுச் சோதிப்பது வீண், டீசல் இன்ஜின் ஐடிலில் மெதுவாகத்தான் சூடேறும். பதினைந்து நிமிட ஓட்டத்துக்குள் 80க்கு மேல் வந்து, பிறகு 80க்கும் 95க்கும் இடையில் நின்றால் தெர்மோஸ்டாட் நலம். டவுனுக்குள் நெரிசலில் 85 காட்டிவிட்டு, நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 65க்கு இறங்கினால் வால்வு திறந்து நிற்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம். வேகத்தில் காற்று அடிக்க அடிக்க ரேடியேட்டர் ஆறுகிறது, அதைத் தடுக்க வேண்டிய வால்வு வேலை செய்யவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவது போன்ற மலை இறக்கத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் அதுவும் இதே பக்கம் கை காட்டுகிறது.

இ) கருவி இல்லாதவர்களுக்குக் கைதான் கருவி. ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் வெகுநேரம் ஆறியே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். முதல் சில நிமிடங்களிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்து நிற்கிறது. டேஷ்போர்டு முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் ஆறியே இருந்தால் மூடி நிற்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். துப்பட்டா, வேட்டி முனை, கழுத்துச் சங்கிலி எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. (சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

வண்டி ஏற்கெனவே ஒருமுறை கொதித்திருந்தால் தெர்மோஸ்டாட் வாங்கக் கடைக்கு ஓடும் முன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தாலும், இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

2. ஆர்சியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

"ஸ்விஃப்ட் டீசல் தெர்மோஸ்டாட் கொடுங்க" என்று கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கும் பிஎஸ்3, பிஎஸ்4 மாற்றத்துக்கும் ஏற்ப குழாய் வாய்களின் எண்ணிக்கையும் கோணமும் மாறும். ஆர்சியில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணைச் சொல்லி, பார்ட் நம்பரைக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியில் இருப்பதை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

1.3 டீசலில் வால்வு தனியாக வருவதில்லை. கூட்டோடு சேர்ந்த முழு அசெம்ப்ளியாகத்தான் வரும். பழைய கார் வாங்கியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வால்வை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப மாட்டிய வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே சொன்ன ஓபிடி சோதனையில்தான் பிடிபடும்.

கடையில் கேட்க வேண்டியவை: கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ கூடவே வருகிறதா, டெம்பரேச்சர் சென்சார் அதோடு வருகிறதா அல்லது பழையதையே மாற்றிப் பொருத்த வேண்டுமா, திறக்கும் சூடு எத்தனை டிகிரி. கடைசிக் கேள்விக்கான பதில் தெர்மோஸ்டாட் மேலேயே பொறித்திருக்கும். பெரும்பாலான டீசல் கார்களில் அது 82க்கும் 88க்கும் இடைப்பட்டிருக்கும். "76 டிகிரி போடுங்க, கூலா ஓடும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது. எவ்வளவு மேலே போகும் என்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் கையில் இருக்கிறது.

பில் கட்டாயம் வாங்குங்கள். போலிப் பாகம் என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க அது ஒன்றுதான் பிடி. வண்டிக்கு நீட்டித்த வாரன்டி இருந்தால் வாரன்டி புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும், நீங்களே கழற்றினால் அது செல்லாமல் போகலாம். இன்ஷூரன்ஸ் பக்கம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் பணம் தராது.

3. செலவும் நேரமும்

விலை ஊருக்கும் பிராண்டுக்கும் ஏற்ப மாறும். ஏறக்குறைய இவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்:

- தெர்மோஸ்டாட் அசெம்ப்ளி: 1,000 முதல் 3,000 ரூபாய்
- கூலன்ட்: அடர்த்தியானது லிட்டர் 250 முதல் 400 ரூபாய், 3 லிட்டர் வரை தேவை
- டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர்: 100 முதல் 150 ரூபாய்
- புது ஹோஸ் கிளிப்கள்: 100 ரூபாய்க்குள்
- மெக்கானிக் கூலி (நீங்கள் செய்யாவிட்டால்): 500 முதல் 1,500 ரூபாய்

கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். முதல்முறை செய்பவர் கழற்றி மாட்ட மூன்று மணி, காற்று எடுக்கவும் ஓட்டிப் பார்க்கவும் இன்னொரு மணி என்று ஒதுக்குங்கள். முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வசதியாகத் தெரியும், ஆனால் ஒரு ஓ-ரிங் கிழிந்தால் கடை இருக்காது. சனிக்கிழமை காலை நல்லது.

கருவிகள்: 8, 10, 12, 13 மில்லிமீட்டர் சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், ராட்செட், கட்டிங் பிளையர், தட்டை ஸ்குரூடிரைவர், பத்து லிட்டர் பிடிக்கும் அகன்ற டப், புனல், பழைய ஏடிஎம் கார்டு ஒன்று (எதற்கு என்று பிறகு), பனியன் வேஸ்ட், கையுறை, டார்ச். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் நல்லது.

4. கூலன்டை இறக்குங்கள்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, கையைச் சுடாமல் மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். சூட்டில் உள்ளே ஒரு பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். திறந்த கணத்தில் அது கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். சில வண்டிகளில் சாவி ஆஃப் ஆனாலும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும் என்பது ஒரு காரணம். எப்படியும் பேட்டரியை நகர்த்த வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று.

ரேடியேட்டரின் அடியில் பிளாஸ்டிக் திருகு இருந்தால் அதன் வழியே இறக்கலாம். பத்து வருடம் ஆன வண்டியில் அந்தத் திருகு உடைவது சகஜம். இறுக்கமாக இருந்தால் மல்லுக்கட்டாமல் கீழ் ஹோஸையே கழற்றிவிடுங்கள், கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். சிறிய டீசல் கார்களின் மொத்தக் கொள்ளளவு 5 முதல் 7 லிட்டர். இப்படி இறக்கினால் அதில் பாதி அல்லது சற்று அதிகம் வரும், மிச்சம் இன்ஜினுக்குள்ளேயே நிற்கும். வந்ததை அளந்து வையுங்கள், திரும்ப நிரப்பும்போது அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தெருவிலோ கொட்டாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும் முன் நிறத்தைப் பாருங்கள். துரு நிறத்தில் இருந்தால் யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், மாட்டும் முன் டிஸ்டில்டு வாட்டரால் ஓரிரு முறை அலச வேண்டும்.

5. பழையதைக் கழற்றுங்கள்

1.3 டீசலில் தெர்மோஸ்டாட் கூடு, சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில் இருக்கிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனால் அங்கேதான் கொண்டுபோய் விடும். மேலே பேட்டரியும் ஏர் ஃபில்டர் குழாயும் மறைக்கும், இரண்டையும் நகர்த்துங்கள். டர்போவுக்குப் போகும் குழாய் எதையாவது கழற்றினால் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு நட்டு டர்போவையே முடித்துவிடும்.

எதையும் பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள். கூட்டில் மூன்று நான்கு ஹோஸ்கள் சேரும். ரேடியேட்டர், ஹீட்டர், குறுக்கு வழி, மாடலைப் பொறுத்து ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையை ஆற்றுவது). ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். ஹீட்டருக்குப் போவதையும் வருவதையும் மாற்றி மாட்டுவது ரொம்ப சாதாரணமாக நடக்கும் தப்பு.

ஒட்டிப்போன ஹோஸை நேராக இழுக்காதீர்கள். பிளையரால் மெல்லப் பிடித்து முதலில் திருகுங்கள், ஒட்டு விட்டதும் தானே வரும். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் வாய் உடையும், ஹோஸின் உள்பக்கம் கிழியும். ஹோஸ் முனை விரிசல் விட்டிருந்தால், நீளம் இருக்கிற பட்சத்தில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம். உப்பிப்போயிருந்தால் புதுசுதான்.

சென்சார் சாக்கெட்டின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

இனி போல்ட்டுகள். முழு வேலையிலும் ஆபத்தான கட்டம் இதுதான். அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் வருடக்கணக்கில் உட்கார்ந்து உப்புப் பூத்து இறுகியிருக்கும். முந்தைய இரவே துருநீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். கழற்றும்போது ஒரே மூச்சில் திருகாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்தி மேலும் எண்ணெய் விடுங்கள். தலை முறிந்துவிட்டால் அங்கேயே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம். லேத் பட்டறை ஆளை வரவழைப்பதுதான் மலிவான வழி.

போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டையில் கூட்டின் உருவத்தை வரைந்து, வந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையான துளையில் இறுக்கினால் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியது போலத் தெரியும், ஆனால் கூடு அழுந்தாமல் ஒழுகும்.

6. முகத்தைச் சுத்தம் செய்து புதியதை மாட்டுங்கள்

பழைய கேஸ்கெட்டின் மிச்சம் ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும். ஏடிஎம் கார்டு இதற்குத்தான். பிளாஸ்டிக் விளிம்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழாது. உளியோ பிளேடோ உப்புத்தாளோ கூடாது. உப்புத்தாளின் துகள் உள்ளே விழுந்தால் வாட்டர் பம்ப் சீலை அரைத்துவிடும். சுரண்டும் முன் துளைக்குள் துணியைத் திணித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

புதியதை மாட்டும் முன் சோதிப்பது நல்லது. வால்வு தனியாக வரும் வகை என்றால், மூடிய வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, நூலைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டி வால்வு திறக்கும்போது நூலிலிருந்து நழுவி விழும். அந்த நேரம் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள், இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கலாம். முழுக்கத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். ஊட்டிக்காரர்கள் அதைப் பார்க்க முடியாது, உயரம் காரணமாக அங்கே தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். பழைய தெர்மோஸ்டாட்டைச் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சோதிக்காதீர்கள், அதில் கூலன்ட் ஊறியிருக்கிறது.

தனி வால்வில் மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். தலைகீழாக மாட்டினால் குப்பிக்குச் சூடு எட்டாது, வால்வு நேரத்துக்குத் திறக்காது, வண்டி கொதிக்கும். முழு அசெம்ப்ளியில் இந்தக் குழப்பமே இல்லை.

ஓ-ரிங்கோ ரப்பர் கேஸ்கெட்டோ இருந்தால் அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) வேண்டாம். கூலன்டில் விரலை நனைத்துத் தடவினால் போதும். கிரீஸ் பூசினால் சில ரப்பர் உப்பிவிடும். காகித கேஸ்கெட் என்றால் மட்டும் மெல்லிய ஒரு பூச்சு. "எதுக்கும் இருக்கட்டும்" என்று கனமாகப் பூசினால் பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து, ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் ஹீட்டரிலும் போய் அடைக்கும்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். எம்6 போல்ட் என்றால் 10 நியூட்டன் மீட்டர் அளவு, எம்8 என்றால் 20 முதல் 25. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டை ராட்செட்டை மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள், தோள் பலம் வேண்டாம்.

7. கூலன்ட் நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் வண்டி கொதிக்கிறது என்று திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுந்த இடம் இது. பாகத்தில் குறை இருக்காது, உள்ளே காற்று நின்றிருக்கும். மெழுகுக் குப்பியைச் சுற்றி நீருக்குப் பதில் காற்று இருந்தால் வால்வு நேரத்துக்குத் திறக்காது. சென்சார் காற்றில் நின்றால் பொய்க் கணக்கு காட்டும்.

அடர் கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாக முன்கூட்டியே கலந்து வையுங்கள். டப்பாவில் 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் கலக்கத் தேவையில்லை. போர் தண்ணீர் கூடவே கூடாது, சமையல் பாத்திரத்தில் படிவது போன்ற வெள்ளை உப்பு ரேடியேட்டரிலும் படியும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர், டிஸ்டில்டு என்று எழுதியிருந்தால் அதுவே போதும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், பச்சையும் சிவப்பும் வெறும் சாயம். மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்கள். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் பழையதை முழுக்க அலசிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

இனி வரிசை:

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சிறு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நிரப்பும் வாய் உயரமானால் காற்று அந்தப் பக்கம் வரும். பேட்டரியை மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், ஏசி ஆஃப், புளோயர் ஒன்றில்.

மூடி இருக்கும் இடத்தின் வழியாக, அது ரேடியேட்டர் மேலோ அழுத்தம் தாங்கும் டப்பாவோ, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டுக் கொட்டினால் காற்றுக்கு வழி இராது. காற்றுத் திருகு இருக்கும் வண்டியில் அதைத் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வந்ததும் மூடுங்கள். நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறிப் பிசையுங்கள், குளுக் குளுக்கென்று குமிழி வரும், மட்டம் இறங்கும், மேலும் ஊற்றுங்கள்.

மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து 1,500 ஆர்பிஎம் அளவில் விடுங்கள். மட்டத்திலேயே கண் வையுங்கள். வால்வு திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகி, மட்டம் மடமடவென்று இறங்கும். அப்போது ஊற்றி நிரப்பிவிட்டு மூடியைப் போடுங்கள். முன்பே பொங்கி வழிய ஆரம்பித்தால் உடனே இன்ஜினை அணைத்து, ஆறவிட்டுத் தொடருங்கள். மூடி போட்ட பிறகு ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். டீசலில் இதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம், பொறுமையாக நில்லுங்கள்.

ஹீட்டர் காற்று சுடச்சுட வந்தால் காற்று வெளியேறிவிட்டது. மானியில் 95, ஹீட்டரில் குளிர்ந்த காற்று என்றால் ஏர் லாக். ஆறவிட்டு, மட்டம் பார்த்து, மீண்டும் முதலிலிருந்து.

கடைசியில் கணக்கைச் சரிபாருங்கள். இறக்கியது 3.5 லிட்டர், ஊற்றியது 2.5 லிட்டர் என்றால் இன்னும் ஒரு லிட்டர் காற்று உள்ளே இருக்கிறது. மானி என்ன சொன்னாலும் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

8. ஓட்டிப் பார்த்தல்

வீட்டைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர், ஓபிடி கண் முன்னால் இருக்கட்டும். 80களில் வந்து நிற்க வேண்டும், 105ஐத் தாண்டினால் ஓரம் கட்டுங்கள். திரும்பி வந்ததும் கூட்டின் அடியிலும் ஹோஸ் முனைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் சூட்டில் கசிவு உடனே காய்ந்துவிடும், வெள்ளையோ இளஞ்சிவப்போ உப்புக் கோடாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை, ஆறின நிலையில், மட்டம் கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஒரு வாரம் தினமும் பாருங்கள். மூன்றாவது நாளுக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. போல்ட்டை மேலும் இறுக்குவதால் அது நிற்காது, கழற்றி ஓ-ரிங்கைப் பாருங்கள். பழைய பிழைக் குறியீடு ஸ்கேனரில் இருந்தால் இப்போது அழித்துவிட்டு, ஒரு வாரத்தில் திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம்.

பேட்டரியைக் கழற்றியதால் கடிகாரமும் ரேடியோவும் அழிந்திருக்கும். சில மாடல்களில் பவர் விண்டோ ஒரே தொடலில் மேலே ஏறாது. கண்ணாடியை முழுக்க ஏற்றிச் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

9. மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால்

வேலை தொடங்கும் முன்பே மூன்றைச் சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் உங்களுக்கு வேண்டும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் நீங்களே வாங்கித் தருகிறீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஃபேன் இரண்டு முறை ஓடும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கும், அதற்குப் பிறகுதான் பணம். கூட்டை மாற்றாமல் வால்வை வெட்டுகிறேன் என்று சொல்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறையைப் பாருங்கள்.